30 பவுண்டு வில் 18 மீட்டர் போகாதா?

"வயசாகி 45 பவுண்டு வில்லிலிருந்து 30-க்கு இறங்கினால் அம்பு 18 மீட்டர் இலக்கை எட்டாது" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். (இங்கே பவுண்டு என்பது வில்லின் எடையல்ல, நாணை இழுக்கத் தேவையான விசை.) அது சரியல்ல, அண்ணே. பொருத்தமான அம்பு இருந்தால் 30 பவுண்டு தாராளமாக எட்டும்; குறியைச் சற்று உயர்த்தினால் போதும்.

பெரும்பாலும் கோளாறு அம்பில்தான். 45-க்கு வாங்கிய கனமான, விறைப்பான அம்பையே 30-லும் எய்தால் அது போதிய அளவு வளையாது. வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் விலகும், தாழ்ந்தும் விழும். பழி வில் மீது விழுகிறது, பாவம். ஸ்பைன் என்பது அம்பு எவ்வளவு வளையும் என்று காட்டும் எண்; அது கூடக் கூட அம்பு நெகிழும். 500 வைத்திருந்தவர்கள் 700, 800 பக்கம் பாருங்கள்.

நீங்களே சோதிக்கலாம். நம்ம கரையில் மீன் நிறுக்கும் கொக்கித் தராசு எங்கும் கிடைக்கும். அதை நாணில் மாட்டி, நீங்கள் வழக்கமாக இழுக்கும் நீளம்வரை இழுங்கள். 30 பவுண்டு என்றால் சுமார் 13.6 கிலோ காட்டும். வில்லில் எழுதியிருப்பது 28 அங்குல இழுவைக்கு. 26 அங்குலமே இழுப்பவருக்குச் சில பவுண்டு குறையும். பிறகு கச்சான் காற்று எழும்புமுன் காலையில் 18 மீட்டரில் எய்து பாருங்கள், ஏனென்றால் வேகம் குறைந்த அம்பைக் காற்று கூடுதலாகத் தள்ளும். நிறுக்கும்போது இழுத்த நாணை அம்பில்லாமல் வெறுமனே விட்டுவிடாதீர்கள், வில் முறியலாம்.