பாவம் லாமார்க்

அக்கா மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. பரிணாமப் பாடத்தை என் முன்னால் விரித்து வைத்து, "மாமா, இந்த லாமார்க் லூசா?" என்று கேட்டாள். நான் படித்தபோதும் இதே கதைதான். உயரத்து இலைக்காக எட்டி எட்டி ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீண்டது, அது குட்டிக்கும் வந்தது என்றார் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க், தப்பு. அப்புறம் டார்வின் வந்தார், சரி. ரெண்டு மார்க்.

அவர் சொன்ன வழி தப்புதான். ஒரே கூட்டத்தில் பிறந்தவை ஒன்றுபோல் இருப்பதில்லை, பிறந்ததெல்லாம் பிழைப்பதுமில்லை. சூழலுக்குத் தோதான பண்பு வாய்த்தவை அதிகம் ஈனும், அந்தப் பண்பு வாரிசுகளிடம் பெருகும். இந்த இயற்கைத் தேர்வைத் தனித்தனியே கண்டடைந்த டார்வின், வாலஸ் இருவரின் எழுத்தும் லண்டனில் 1858-இல்தான் வாசிக்கப்பட்டது. லாமார்க்குக்கு இது தட்டுப்படவில்லை.

ஆனால் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறதே. உயிரினங்கள் மாறுகின்றனவா, இல்லையா? மாறுகின்றன என்று மனிதர் துணிந்து நின்றார்.

1793-இல் பாரிஸ் அருங்காட்சியகத்தில் பூச்சிகளும் புழுக்களும் அவர் தலையில் விழுந்தன. அப்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது; அதுவரை செடிகொடி ஆள். முதுகெலும்பில்லாதவை என்று ஒரு தனிப் பிரிவுக்குப் பெயர் வைத்ததே அவர்தான். பாரிஸைச் சுற்றிக் கிடைத்த புதைபடிவச் சிப்பிகளை உயிரோடிருக்கும் சிப்பிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பார்க்க, இனங்கள் மாறாதவை என்று அதுவரை நம்பியதைக் கைவிட்டார். 1800-இல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். விரிவான நூல் 1809-இல் வந்தது. டார்வின் பிறந்த வருடம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஐபிஸ் பறவை விவகாரம். நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு போன அறிஞர்கள், கல்லறைகளிலிருந்து பதப்படுத்திய ஐபிஸ் பறவைகளைக் கொண்டுவந்தார்கள். எலும்பை அளந்து பார்த்தால் இன்றைய பறவை அப்படியே இருக்கிறது. பார்த்தீர்களா, எதுவும் மாறவில்லை என்றார் குவியே, அன்றைய விலங்கியலின் பெரிய தலை. லாமார்க் அசரவில்லை. எகிப்தின் தட்பவெப்பம் மாறவில்லை, பறவை ஏன் மாற வேண்டும்? அதோடு, இரண்டு மூன்றாயிரம் வருடமெல்லாம் பூமியின் கணக்கில் ஒரு காலமா? இன்று படித்தாலும் அந்தப் பதிலில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. (இனங்கள் அற்றுப்போகும் என்பதில் குவியே சொன்னதுதான் சரி. அங்கே லாமார்க் சறுக்கினார்.)

இன்னொன்று. வாழ்நாளில் பெற்ற மாற்றம் பிள்ளைக்குப் போகும் என்பதை டார்வினும் நம்பினார்! உடலெங்கும் இருந்து நுண்துகள்கள் கிளம்பி இனப்பெருக்க உறுப்புகளில் சேர்கின்றன என்று 1868-இல் ஒரு விளக்கமே எழுதினார். 'உயிரினங்களின் தோற்றம்' முதல் பதிப்பில் அவர் ஒட்டகச்சிவிங்கியின் வாலை, ஈ ஓட்டுவதற்கானதாக, எடுத்துப் பேசுகிறார். நீண்ட கழுத்தைப் பற்றிய விவாதம் 1872-இன் ஆறாம் பதிப்பில்தான் வருகிறது. நம் புத்தகப் படத்தில் இருவரும் கழுத்துக்காகவே சண்டை போடுவதுபோல் இருக்கும்.

ஜெர்மன் உயிரியலாளர் வீஸ்மான் சுண்டெலிகளின் வாலை வெட்டிப் பார்த்ததையும் லாமார்க்குக்கு எதிரான சான்றாகத்தான் எழுதுகிறார்கள். ஐந்து தலைமுறை, 901 குட்டிகள், எல்லாவற்றுக்கும் முழு வால். தலைமுறை தலைமுறையாகக் காது குத்துகிற நமக்கு இதற்கு எலி வேண்டியதே இல்லை. எந்தக் குழந்தையும் ஓட்டையோடு பிறக்கவில்லை. ஆனால் லாமார்க் பேசியது வெட்டுக்காயத்தை அல்ல, உயிர் தானே ஓயாமல் பயன்படுத்தும் உறுப்பை.

கடைசிக் காலத்தில் கண் தெரியாமல், மகளின் துணையில், வறுமையில் கிடந்து 1829-இல் போய்ச் சேர்ந்தார். புதைத்தது தற்காலிகக் குழியில், எலும்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. இரங்கல் உரை எழுதியது யார்? அதே குவியே. 1832-இல் அது வாசிக்கப்பட்டபோது அவரும் உயிரோடில்லை. லாமார்க் 'தேவை' என்று எழுதியதை அதில் 'ஆசை' ஆக்கி, நீந்த ஆசைப்பட்டதால் பறவைக்குக் காலில் சவ்வு முளைத்ததாம் என்று கிண்டலடித்திருந்தார். அக்கா மகள் புத்தகத்தில் அந்தப் பறவைக்குப் பதில் ஒட்டகச்சிவிங்கி.