குருத்து இனிப்பாகத்தான் இருந்தது

நண்பன் ஒருவனின் அப்பா பன்னிரண்டு நாளாக ஐசியூவில் இருக்கிறார். நேற்று ராத்திரி பேசும்போது, "வெளியில உட்கார்ந்து போன்ல எதையோ பார்த்துச் சிரிச்சிட்டேன்டா. அப்பா உள்ள அப்படிக் கிடக்கார், எனக்கு எப்படிச் சிரிப்பு வந்துச்சு?" என்று கேட்டான். தப்பு செய்து மாட்டிக்கொண்டவன் குரல். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16, கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரையேறி, விடிவதற்குள் எங்களையும் உருட்டிவிட்டுப் போனது. வெளிச்சம் வந்ததும் அப்பா தென்னந்தோப்புக்குப் போனார். நூற்று நாற்பது மரத்தில் பதினொன்றுதான் நின்றன. வீட்டுக்கு வந்து அந்த எண்ணிக்கையை மட்டும் சொன்னார். அப்புறம் மூன்று நாள் பேச்சே இல்லை.

நெல் போனால் ஒரு போகம் போச்சு என்று தேற்றிக்கொள்ளலாம். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். அறுபதைத் தாண்டியவர் மறுபடியும் கன்று வைப்பதென்றால், அவர் போடும் கணக்கில் மரத்தின் வயது மட்டும் இருக்காது. மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அதிலும் 500 ரூபாய், விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்த.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் "நம்பிக்கையா இருங்க" என்றார்கள். எதை நம்பி என்று கேட்டிருந்தால் முழித்திருப்பார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சலாக வந்தது. தார்ப்பாயையும் மெழுகுவத்தியையும் இறக்கிவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போன லாரிக்காரர்கள் எவ்வளவோ தேவலை.

நாலாம் நாள் அப்பா அரிவாளை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனார். அம்மா பயந்துபோய் என்னைப் பின்னால் அனுப்பினாள். வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து மட்டைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்தார். கடைசியில் உள்ளேயிருந்து வந்தது குருத்து. தொடை கனத்தில், வெள்ளை வெளேரென்று. மரத்தைக் கொன்றால்தான் அது கிடைக்கும் என்பதால் நான் அதுவரை ருசி பார்த்ததே இல்லை.

திண்ணையில் வைத்து வில்லை வில்லையாக நறுக்கி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் கொடுத்தார். அம்மா வாங்க மறுத்தாள். "பிள்ளை மாதிரி வளத்ததத் திங்கச் சொல்றீங்களா?" "நாளைக்கு அழுகிப்போயிரும். தின்னு" என்றார் அப்பா. மூன்று நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். "இனிப்பாத்தான் இருக்கு" என்று இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பால் ஒரு மரம்கூட எழுந்து நிற்கவில்லை. கடனும் அப்படியேதான் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் அப்பா ரம்பம் வைத்திருக்கும் ஆளைத் தேடிக் கிளம்பினார். முதல் நாளே போயிருக்க வேண்டிய வேலை அது.

எட்டாம் நாள் கார்த்திகை தீபம். ஊரில் கரண்ட் இல்லை. நிவாரணமாக வந்த எண்ணெய் பாக்கெட்டை உடைத்து அம்மா ஏழெட்டு அகல் ஏற்றினாள். பௌர்ணமி வேறு. மேகம் விலகியபோது வாசல் முழுக்க நிலா. தோப்பு நின்ற காலத்தில் எங்கள் வாசலில் நிலா இப்படி விழுந்ததே இல்லை. அழகாக இருந்தது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இருந்தது, அவ்வளவுதான்.

இப்படியெல்லாம் எழுதும்போது ஒரு சங்கடமும் உண்டு. "டெல்டா மக்கள் தன்னம்பிக்கையால் மீண்டார்கள்" என்று யாராவது இதை எடுத்துப் போட்டுவிடுவார்கள். எங்கள் தெருவில் இருபதாவது நாள் லைட் எரிந்ததற்குக் காரணம் தன்னம்பிக்கை இல்லை. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்ட மின்வாரிய ஆட்கள். அதுவரை டாங்க் நிரம்பியது, தெருவே காசு போட்டு மணிக்கணக்கில் வாடகைக்குப் பிடித்த ஜெனரேட்டரால். செய்ய வேண்டியவர்கள் செய்யத்தான் வேண்டும். நிலாவைக் காட்டி அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

ஆனால் நண்பன் கேட்டது அதுவல்ல. சிரிக்கலாமா என்று கேட்டான். அவன் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் உள்ளே அவன் அப்பாவுக்கு ஒரு மூச்சு கூடவா கிடைத்துவிடும்? ராத்திரி முழுக்க அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, கேட்கிற மருந்தை ஓடி ஓடி வாங்கி வருகிறவன் அவன். நடுவில் அஞ்சு நிமிஷம் சிரித்ததற்கு யாரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும்?

இதையெல்லாம் சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு டீக்கடையாம். பருப்பு வடை நன்றாக இருக்குமாம். அதைச் சொல்லும்போதும் குரல் கொஞ்சம் தயங்கியது.

ரெண்டாகச் சாப்பிடு என்றேன்.