எம்.பி.ஏ. கட்டாயம் அன்று
"எம்.பி.ஏ. இல்லாதவரின் விண்ணப்பத்தை மேலாண்மை ஆலோசனை நிறுவனங்களான மெக்கின்சி, பி.சி.ஜி., பெயின் ஆகிய மூன்றும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை" என்று நண்பர் எழுதியிருப்பது சரியன்று. இளநிலைப் பட்டதாரிகளை மெக்கின்சி 'பிசினஸ் அனலிஸ்ட்' ஆகவும், பெயின் 'அசோசியேட் கன்சல்டன்ட்' ஆகவும் நேரடியாகவே சேர்த்துக்கொள்கின்றன, எம்.பி.ஏ. முடித்தவர்கள் அதற்கு ஒரு படி மேலே நுழைகிறார்கள் என்பதே வேறுபாடு. 1973-இல் பெயினை நிறுவிய பில் பெயினே கல்லூரியில் வரலாறு படித்தவர்தாம். எந்தப் பட்டத்துடன் வந்தாலும் 'கேஸ் இன்டர்வியூ'வைத் தாண்டியாக வேண்டும். ஒரு நிறுவனத்தின் லாபம் ஏன் குறைந்தது என்பது போன்ற சிக்கலைக் கொடுத்து, விண்ணப்பதாரர் அதை எப்படிப் பகுக்கிறார், கணக்குகளை எவ்வளவு தெளிவாகப் போடுகிறார், எந்த முடிவை எந்தக் காரணத்தோடு சொல்கிறார் என்பதையே அதில் கவனிப்பார்கள். கல்லூரியின் பெயருக்கு மதிப்பு உண்டு என்று நண்பர் சொன்னதை மட்டும் நான் மறுக்கவில்லை.