வலைப்பந்து விளையாடின எங்கட அக்காமார் கதைக்கிறத ஆர் பதிவு பண்ணப் போறம்?

நேத்து வெள்ளாப்புல மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தால நடக்கக்குள்ள எங்கட ஸ்கூல் வலைப்பந்து டீம்ல சென்டர் விளையாடின அக்காவக் கண்டன். இப்ப ரெண்டு புள்ள, வீட்டிலயே தையல் மிசின் வேல. நான் ஒண்டும் கேட்கல்ல, அவவாத்தான் சொன்னா, "குனிஞ்சு தண்ணி வாளி தூக்கினா இந்த முழங்கால் இன்னும் குத்துதுகா, மாகாண மட்டத்தில விழுந்த அதே கால்" எண்டு. பதினாறு வருசமாகுது. அந்த முழங்காலப் பத்தி இதுவரைக்கும் ஆரும் அவகிட்ட கேட்டதே இல்லயாம்.

அண்டைக்கு நானும் அந்தக் கோர்ட்டிலதான் நிண்டன். சீமெந்துத் தரை. மேல எழும்பிப் பந்தப் பிடிச்சா, ஒத்தக் கால்ல இறங்கினா, அப்படியே சுத்தி விழுந்தா. ஐஸ் பக்கற் மூணு வாங்கி துவாயில சுத்தி வச்சம், ஒரு கிழமையில சரிவரும் எண்டு சொல்லி பஸ்ஸில ஏத்தி விட்டாங்க, ஸ்கேன் எண்டு ஒரு வார்த்தை ஆர் வாயிலயும் வரல்ல. அதோட அவட விளையாட்டு முடிஞ்சுது.

வலைப்பந்து தெரிஞ்சாக்களுக்கு விளங்கும், பந்தப் பிடிச்சவ ஓட ஏலா, ஊண்டின காலோட நிண்டு 3 செக்கனுக்குள்ள பாஸ் பண்ணணும். ஓடி வந்த வேகம் முழுக்க அந்த ஒரு முழங்கால்லதான் இறங்குது. ஒரே விளையாட்ட விளையாடுற ஆம்பிளப் புள்ளைகள விட பொம்பிளப் புள்ளைகளுக்கு முழங்காலுக்குள்ள இருக்கிற அந்த முன் இணைப்பு நார் அறுந்து போற ஆபத்துக் கூட. முழங்கால மடக்கி, ரெண்டு காலாலயும் மெதுவா இறங்கப் பழக்கினா அந்த ஆபத்து நல்லாவே குறையும். இதுக்குக் காசு தேவையில்ல, தெரிஞ்ச ஒராள் சொல்லித் தந்தாப் போதும். எங்களுக்கு ஆரும் சொல்லல்ல.

இதுக்காகத்தான் சொல்றன், எங்கட பக்கத்துப் பொம்பிளைகள் விளையாட்டப் பத்தி பொட்காஸ்ட் செய்யணும், அதாவது குரல ரெக்கோர்ட் பண்ணி நெட்டில போடுற நிகழ்ச்சி. கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் எண்டு ஓடின எத்தின பேர் வாழைச்சேனையில இருந்து பொத்துவில் வரைக்கும் இருக்காங்க. அவங்கள நாம மார்ச் 8க்கு மேடைக்குக் கூப்பிடுறம், பொன்னாடை போடுறம், போட்டோ எடுக்கிறம், அதோட சரி. பீரியட்ஸ் நேரம் எப்படி ஓடினீங்க, ஸ்பைக்ஸ் ஆர் வாங்கித் தந்த, கலியாணம் பேசி வரக்குள்ள விளையாட்ட விடச் சொன்னது ஆர், இதெல்லாம் மேடையில கேட்கிற கேள்வி இல்ல எண்டு நினைச்சிட்டம். எனக்கு அதுதான் கேட்கணும்.

இங்கிலாந்து கிரிக்கட் டீம்ல விளையாடின கேட் குரோஸும் அலெக்ஸ் ஹார்ட்லியும் சேர்ந்து "நோ போல்ஸ்" எண்டு ஒரு பொட்காஸ்ட் செய்தாங்க, பிபிசியில வந்தது. ஹார்ட்லி 2017 உலகக் கிண்ணம் வெண்ட டீம்ல இருந்தவ, மறுகா ரெண்டு வருசத்தில கொன்ட்ராக்ட் போயிட்டு. அப்ப கூட்டாளி குரோஸ் டீம்ல, இவ வெளிய, ஆனா ரெண்டு பேரும் ஒரே மைக்குக்கு முன்னால இருந்து கதைச்சாங்க. எனக்கு அவங்கட இங்கிலீசு முழுக்கப் பிடிபடாது, திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பன். அதே ஹார்ட்லி 2024ல பாகிஸ்தான்ட முல்தான் சுல்தான்ஸ் ஆம்பிள டீமுக்கு ஸ்பின் கோச்சாப் போனா. கிரவுண்ட விட்டு இறங்கினாலும் விளையாட்ட விட்டுப் போகத் தேவையில்ல எண்டு நான் அவவப் பார்த்துத்தான் நம்பினன்.

இலங்கை வலைப்பந்து டீம்ல விளையாடின எங்கட தர்ஜினி சிவலிங்கத்த எடுங்க. 2009, 2018, 2022 எண்டு மூணு தரம் ஆசியக் கிண்ணம் வெண்ட டீம்ல இருந்தவ, 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில 348 கோல். நான் வாசிச்ச செய்தி எல்லாம் அவட உயரத்திலதான் தொடங்குது. உயரம் மட்டும் கோல் போடுமா? மூணு பேர் சுத்தி நிக்கக்குள்ள இடத்த எப்படிப் பிடிக்கிற, பந்து வர முதலே உடம்ப எப்படித் திருப்பி வைக்கிற, இத அவட வாயால தமிழில ஒரு மணித்தியாலம் கேட்டா இஞ்ச ஒவ்வொரு ஸ்கூலிலயும் இருக்கிற ஷூட்டர் புள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விசயம்!

பொம்பிளக் குரல் எங்களுக்குப் புதுசும் இல்ல. இலங்கை வானொலி அறிவிப்பாளர் ராஜேஸ்வரி சண்முகம்ட குரல ரேடியோவில கேட்டு வளந்த அம்மாமார்தான் எங்கட அம்மாமார். முகம் காட்டத் தேவையில்ல எண்டது இன்னொரு பெரிய வசதி. போட்டோவ எடுத்து என்ன செய்வாங்களோ எண்டு பயந்து வீடியோவுக்கு வராத புள்ளைகள் குரல மட்டும் தருவாங்க. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துத் தங்கச்சிமாரையும் சேர்த்துத்தான் சொல்றன். தலைய மூடிக்கொண்டு கூடைப்பந்து விளையாடலாம் எண்டு உலக சம்மேளனம் விதிய மாத்தினதே 2017லதான், அதுக்கு முதல் விளையாட ஆசைப்பட்ட புள்ளைகளிட்ட எத்தின கதை இருக்கும்.

காசு வருமா எண்டு கேட்பீங்க. முதல்ல வராது, அந்தப் பொய்ய நான் எந்தப் புள்ளைக்கும் சொல்ல மாட்டன். போன் ஒண்டு போதும், ஸ்பொட்டிஃபையில ஏத்துறதும் சும்மாதான். இல்லாதது நேரம். ராவைக்குச் சமைச்சு, புள்ளைகளப் படுக்க வச்சு, அதுக்குப் பிறகு ஆர் மைக்குக்கு முன்னால இருப்பாங்க? அந்த ஒரு மணித்தியாலம் குசினியப் பார்க்கிறதுக்கு வீட்டில இருக்கிற அண்ணன்மார், மச்சான்மார் எழும்பணும். இதுல எனக்கு விட்டுக்குடுப்பே இல்ல.

பாலத்தில கண்ட அக்கா வாற ஞாயிற்றுக்கிழம பின்னேரம் எங்கட வீட்ட வாறா. முதல்ல "எனக்கு என்ன கதைக்கத் தெரியும் புள்ள" எண்டா, மறுகா அவவே கேட்டா, "அந்த மெச்சப் பத்திச் சொல்லவா?" எண்டு. ஃபேன நிப்பாட்டி, சன்னலுக்கு மெத்தைய வச்சு ரெக்கோர்ட் பண்ணப் போறன். முதல் கேள்வி முழங்கால்தான். உங்கட ஊரில ஓடின, பாஞ்ச, எல்லே எண்ட எங்கட ஊர்ப் பந்தடி விளையாட்டு அடிச்ச அக்காமார், மாமிமார் ஆரும் இருந்தா முதல்ல அவங்களிட்ட விருப்பமா எண்டு கேட்டுட்டு எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்க. மழை வந்தா மட்டும் திங்கக்கிழம, எங்கட தகரக் கூரைக்குக் கீழ ஒண்டும் கேட்காது.