சாண்டோரினி போகிறவர்கள் திராட்சைத் தோட்டத்துக்குள்ளும் போங்கள்

கிரேக்கத் தீவான சாண்டோரினியில் திராட்சைக்குப் பந்தல் கிடையாது. கம்பி கட்டிக் கொடியை ஏற்றுவதும் வழக்கமில்லை. தரையோடு தரையாக, வட்டமாகச் சுற்றிச் சுற்றி வளர்க்கிறார்கள். வெளிறிய சாம்பல் மண்ணில் யாரோ பெரிய பெரிய சும்மாடுகளை இறக்கி வைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். குலைகள் அந்த வளையத்துக்கு உள்பக்கம் தொங்கும். கூலூரா என்பது இந்த முறைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். கோடை முழுக்க ஏஜியன் கடலிலிருந்து அடிக்கிற வடகாற்று மணலை அள்ளி வீசும், மேலே வெயில் பொசுக்கும். இரண்டிலிருந்தும் காயைக் காப்பாற்றக் கொடியே வேலியாகிறது. எத்தனையோ தலைமுறை விவசாயிகள் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த தொழில்நுட்பம் இது.

மழை வருடத்துக்கு 400 மில்லிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். அதுவும் குளிர்காலத்தில் பெய்து முடிந்துவிடும். அப்புறம் கொடி எப்படிப் பிழைக்கிறது என்றால், இரவில் கடலிலிருந்து ஏறி வரும் ஈரக்காற்றை அந்த எரிமலை மண்ணில் இருக்கும் நுரைக்கல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பகலில் வேர் அதைக் குடிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. பிரான்ஸ் உட்படப் பெரும்பாலான இடங்களில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கட்டையில் ஒட்டுக் கட்டித்தான் கொடியைக் காப்பாற்ற முடிந்தது. களிமண்ணே இல்லாத இந்தத் தீவின் மண்ணில் அந்தப் பூச்சியால் வாழ முடியவில்லை. அதனால் இங்கே கொடிகள் இன்றும் சொந்த வேரில் நிற்கின்றன. எழுபது எண்பது வருடம் ஆகி விளைச்சல் குறைந்தால் மேலே உள்ள வளையத்தை வெட்டிவிடுவார்கள். பழைய வேரிலிருந்து புதுத் தளிர் வரும், மறுபடி சுற்ற ஆரம்பிப்பார்கள். மண்ணுக்கு மேலே தெரிவது நம் தாத்தா வயது. கீழே இருக்கும் வேருக்குச் சில இடங்களில் பல நூறு வயது.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், சாண்டோரினிக்கு "ஒயின் டூர்" போய்விட்டு வந்த பலருக்கு இதில் எதுவுமே தெரியவில்லை என்பதுதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

நான் சேர்ந்துகொண்ட டூரும் அப்படித்தான் இருந்தது. மினி பஸ், மூன்று ஒயின் ஆலைகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து கோப்பை, தட்டில் சீஸும் ஆலிவும், கடைசியாகச் சூரியன் மறைவதைப் பார்க்க ஒரு மொட்டைமாடி. ஒயின் நன்றாக இருந்தது. அசிர்டிகோ என்ற வெள்ளைத் திராட்சையின் அந்தக் கூர்மையான புளிப்பும், நாக்கில் கடைசியாக நிற்கும் உப்புத் தன்மையும் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. ஆனால் வழியில் தோட்டங்களைத் தாண்டிப் போனபோது, இறங்கி ஐந்து நிமிடம் பார்க்கலாமா என்று கேட்டேன். நேரமில்லை, அஸ்தமனத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றார்கள். ஒயின் சுற்றுலாவில் திராட்சைக் கொடிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க முடியவில்லை.

அந்தத் தீவில் விலை போவதெல்லாம் மேற்குப் பக்கம். எரிமலை வெடித்து நடுப்பகுதி கடலில் இறங்கியதால் உண்டான கால்டெரா விளிம்பு, வெள்ளை வீடுகள், நீலக் குவிமாடங்கள். தோட்டங்களில் பெரும்பகுதி கிழக்கும் தெற்கும், கடலை நோக்கி மெல்லச் சரியும் நிலத்தில் இருக்கின்றன. அங்கே போஸ்ட் கார்டு காட்சி எதுவும் கிடையாது. 2023இல் சுமார் 34 லட்சம் பேர் வந்துபோன தீவு இது. நிரந்தரமாக வாழ்கிறவர்கள் 15,500 பேர் சொச்சம்தான். வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே விளிம்பில் நின்று ஒரே திசையைப் பார்க்கிறார்கள்.

சுற்றுலா இந்த ஒயினுக்கு நல்லதே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 1956 ஜூலை 9 நிலநடுக்கத்துக்குப் பிறகு தீவே காலியாகிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே, வெயிலில் உலர்த்திய திராட்சையில் செய்யும் வின்சாண்டோ என்ற இனிப்பு ஒயினை வாங்கிக்கொண்டிருந்த ரஷ்யச் சந்தை 1917 புரட்சியோடு போய்விட்டது. விவசாயிகளின் கூட்டுறவு ஒன்றியம் கிடைத்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. 1971இல் பிறப்பிடப் பாதுகாப்புப் பெயர், அதாவது இந்தத் தீவின் ஒயினுக்கு மட்டுமே சாண்டோரினி என்ற பெயர் என்ற சட்ட உரிமை, கிடைத்தும் பெரிதாக எதுவும் மாறவில்லை. 1980களின் கடைசியில் பூதாரி என்ற ஒயின் நிறுவனம் தீவின் மெகாலோகோரி கிராமத்தில் நவீன ஆலை கட்டியது. அடுத்த சில வருடங்களில் கணித ஆசிரியரான பாரிஸ் சிகாலாஸ், அப்புறம் ஹரிதிமோஸ் ஹட்சிதாகிஸ் போன்றவர்கள் வந்தார்கள். குளிர்ச்சியாக நொதிக்க வைத்து, சீக்கிரம் பறித்து, அசிர்டிகோவின் உண்மையான சுவையை வெளியே கொண்டுவந்தார்கள். தீவுக்கு வந்தவர்கள் குடித்துப் பார்த்து, ஊருக்குப் போய்க் கேட்டு வாங்கியதால்தான் அந்தப் பெயர் நியூயார்க் வரை போனது. திராட்சை விலையும் பதினைந்து வருடத்தில் பல மடங்கு ஏறிவிட்டது.

அப்படியானால் தோட்டம் பெருகியிருக்க வேண்டும் அல்லவா? சுருங்கிக்கொண்டே போகிறது. 20ஆம் நூற்றாண்டில் ஒரு காலத்தில் 4,000 ஹெக்டேர் அளவில் இருந்தது, இப்போது ஆயிரம் ஹெக்டேரைச் சுற்றி நிற்கிறது. ஏன் என்பதற்குப் பெரிய பொருளாதாரம் தெரிய வேண்டாம். நல்ல வருடத்திலேயே ஹெக்டேருக்கு இரண்டு மூன்று டன் காய்க்கிற மண் அது. 2023, 2024 இரண்டு வருடமும் வறட்சியில் அதுவும் இல்லை. ஊருக்கு வெளியே கட்டடம் கட்ட கிரேக்கத்தில் பல காலமாக இருந்த பொது விதி நாலு ஸ்த்ரேமா நிலம், அதாவது 4,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். ஒரு ஏக்கர் கொடியை வைத்திருப்பவரிடம் வில்லா கட்டுகிறவர் வந்து நிற்கிறார். கொடி வருடத்தில் ஒருமுறை காசு தரும், அதுவும் காற்றும் மழையும் ஒத்துழைத்தால். வில்லாவின் ஓர் அறை ஒரே இரவில் சில நூறு யூரோ தரும். விற்றவரை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்? மெகாலோகோரியிலிருந்து அக்ரோதிரி போகிற வழியில் பழைய கொடிகளுக்கு நடுவே புது நீச்சல்குளங்களைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது அந்த விவசாயிமேல் அல்ல. நானூறு வருட வேரைப் பிடுங்கிக் குளம் வெட்டலாம் என்று அனுமதி கொடுக்கிற ஏற்பாட்டின் மேல்.

இன்னொரு சிக்கல் ஆட்கள். அறுவடை ஆகஸ்டில் வருகிறது. ஹோட்டல்களுக்கு ஆள் அதிகம் தேவைப்படுவதும் அதே ஆகஸ்டில். தரையில் கிடக்கும் வளையத்துக்குள் கைவிட்டுக் குலையை அறுக்க, முழுநேரமும் முதுகை வளைத்துக் குனிய வேண்டும். இயந்திரம் உள்ளே போகாது. அதே சம்பளத்துக்கோ அதிகத்துக்கோ நிழலில் தட்டு எடுத்துப் போகும் வேலை இருக்கும்போது யார் வருவார்? வெளியூரிலிருந்து ஆள் கூட்டி வரலாம் என்றால் தங்க இடம் இல்லை. பள்ளி ஆசிரியர்களுக்கே வாடகை வீடு கிடைக்காத தீவு அது. குளிர்காலக் கவாத்து இதைவிடக் கஷ்டம். எந்தக் குச்சியை விடுவது, எந்தப் பக்கம் வளைப்பது என்று ஒவ்வொரு கொடிக்கும் தனியாக முடிவு செய்ய வேண்டும். மெகாலோகோரியில் என்னோடு பேசிய ஒரு பெரியவர், தன் கிராமத்தில் கூலூரா சரியாகக் கட்டத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம் என்றார். அவருடைய மகன் ஹோட்டலில் வேலை செய்கிறான். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இல்லை, பையன் நன்றாக இருக்கிறான் என்ற நிம்மதிதான் இருந்தது. அது என்னை இன்னும் கலங்க வைத்தது.

அசிர்டிகோ அழிந்துவிடாது, சரி. கிரேக்கத்தின் நிலப்பகுதியில் நிறைய நட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில்கூட வளர்கிறது. ஆனால் சொந்த வேரில், நுரைக்கல் மண்ணில், கடல் ஈரத்தைக் குடித்து நிற்கிற கொடியை வேறெங்கும் கொண்டுபோய் நட முடியாது. கான்கிரீட் போட்டால் போட்டதுதான்.

கிரேக்கத்தின் வடக்கே, வெர்மியோ மலையடிவாரத்தில் நௌசா என்ற ஊர் இருக்கிறது. க்சினோமாவ்ரோ என்ற கறுப்புத் திராட்சைக்குப் பேர்போன இடம். அங்கே கடலும் இல்லை, கால்டெராவும் இல்லை. வட கிரேக்கத்து ஒயின் ஆலைகள் 1990களில் ஒன்றுசேர்ந்து ஒயின் சாலைகள் என்று ஒரு வலைப்பின்னலை உருவாக்கின. வழிகாட்டிப் பலகை வைத்து, முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிறவர்களை வரவேற்கிறார்கள். அங்கே போகிறவர் ஒயினுக்காகத்தான் போகிறார். காட்ட வேறெதுவும் இல்லாததால் கொடியைக் காட்டுகிறார்கள். சாண்டோரினியின் அழகே அதன் தோட்டத்துக்கு எதிரியாகிவிட்டது என்று நான் நினைப்பது இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான்.

என் கருத்து இதுதான். மிச்சம் இருக்கிற தோட்டங்களில் இனி கட்டுமானம் கூடாது என்று சட்டம் போட வேண்டும். அப்படிச் செய்தால் நிலத்தின் விலை விழும், விவசாயி நஷ்டப்படுவான் என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பணம் இருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து சொகுசுக் கப்பலில் வந்து சாண்டோரினியில் இறங்கும் ஒவ்வொருவரிடமும் சீசன் உச்சத்தில் 20 யூரோ வாங்குகிறார்கள். அதில் ஒரு பங்கைக் கொடியைப் பராமரிக்கிற ஒவ்வொரு ஸ்த்ரேமாவுக்கும் இவ்வளவு என்று நேராக விவசாயி கையில் கொடுக்கலாம். இந்த நிலக்காட்சியைக் காப்பாற்றி வைத்திருப்பவர் அவர். அதற்குக் கூலி வாங்குவது உதவித்தொகை ஆகாது. ஒயின் ஆலைகளும், டூர் நடத்துகிறவர்களும் ஒரு மணி நேரத்தையாவது தோட்டத்துக்கு மாற்ற வேண்டும், அந்த ஒரு மணி நேரத்துக்கு விவசாயிக்குப் பணம் கொடுத்து அவரையே பேசச் சொல்ல வேண்டும். மூன்று ஆலைக்குப் பதில் இரண்டு போதும்.

இந்த வருடம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டூர் பதிவு செய்யும்போதே தோட்டத்துக்குள் கூட்டிப் போவீர்களா என்று எழுதிக் கேளுங்கள். நிறையப் பேர் கேட்டால் அவர்களும் மாற்றிக்கொள்வார்கள். மெகாலோகோரி, எபிஸ்கோபி கோனியா, பிர்கோஸ் பக்கம் சின்ன ஆலைகள் இருக்கின்றன, முன்கூட்டி மின்னஞ்சல் அனுப்பினால் நேரம் ஒதுக்குவார்கள். கொடிகளுக்கு நடுவே போட்டோ எடுக்க அனுமதி கேட்காமல் இறங்காதீர்கள், வளையத்தை மிதித்தால் ஒரு வருட விளைச்சல் போய்விடும். பாட்டில் விலை அதிகமாகத் தெரிந்தால், அதைக் குனிந்து பறித்த கையை நினைத்துக்கொண்டு பேரம் பேசாமல் வாங்குங்கள். அறுவடை பார்க்க ஆசைப்பட்டால் ஆகஸ்ட் முதல் பாதியில் போவது நல்லது. வெயில் ஏறுவதற்கு முன் பறித்து முடிக்கப் பார்ப்பார்கள், அதனால் விடிகாலையிலேயே தோட்டத்தில் இருக்க வேண்டும்.