ஹைட்ரஜன் வரட்டும் என்று சொல்லி என் பிளக் பாயின்ட்டைத் தடுக்கிறார்கள்

மின்சாரக் கார் வாங்கியவரிடமும், வாங்கலாமா என்று யோசிப்பவரிடமும் தவறாமல் சொல்லப்படும் ஒரு வாக்கியம் இருக்கிறது: "கொஞ்சம் பொறுங்க சார், அடுத்தது ஹைட்ரஜன்தான்." கல்யாணப் பந்தியிலும் அலுவலக கேன்டீனிலும் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வெறும் பேச்சோடு நின்றிருந்தால் நானும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அதுவே தீர்மானமாகி, என் கார் நிற்கும் இடத்தில் ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் வைப்பதற்கு அனுமதி மறுக்கும் காரணமாக நிற்கிறது.

நான் சங்கத்திடம் பணம் கேட்கவில்லை. என் வீட்டு மீட்டரிலிருந்து, என் செலவில், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து, தனி எம்சிபியும் மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் பொருத்தி, பிவிசி பைப்புக்குள் காப்பர் வயர் இழுத்துக்கொள்கிறேன் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். மீட்டர் போர்டு படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து என் பார்க்கிங் தூணுக்குச் சில அடிகள்தான். வீட்டில் ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலிருந்தே வாகனத்தைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளிலேயே இருக்கிறது. இத்தனையையும் கேட்டபிறகு சங்கச் செயலாளர் சொன்ன பதில், "அஞ்சு வருஷத்துல எல்லாம் ஹைட்ரஜன் ஆயிடும், எதுக்குப் பொதுச் சுவரை ஓட்டை போட்டுக் கெடுக்கணும்?" என்பதுதான்.

அந்த ஹைட்ரஜன் கார் எப்படி ஓடுகிறது என்பதை, இப்படிச் சொல்கிறவர்களில் ஒருவராவது பார்த்திருப்பார்களா? அதுவும் மின்சாரக் கார்தான். தொட்டியில் உள்ள ஹைட்ரஜனை ஃபியூயல் செல் மின்சாரமாக மாற்றுகிறது; அந்த மின்சாரம் மோட்டாரைச் சுழற்றுகிறது; நடுவில் சிறிய பேட்டரி ஒன்றும் இருக்கிறது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் வரை செலவாகிறது. அதை 700 பார் அழுத்தத்துக்கு, அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் 700 மடங்குக்குக் கொண்டுபோகவும், நிரப்பும்போது தொட்டி சூடாகாமல் இருக்க மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர்விக்கவும் மேலும் மின்சாரம் வேண்டும். இவ்வளவும் செய்தபிறகு அந்த ஒரு கிலோவில் கார் சுமார் 100 கிலோமீட்டரோ, அதற்குச் சற்று மேலோ ஓடும். அதே 55 யூனிட்டை நேராக ஒரு நடுத்தர பேட்டரி காரில் ஏற்றினால், சார்ஜ் ஏறும்போது ஏற்படும் இழப்பைக் கழித்த பிறகும் 300 கிலோமீட்டருக்கு மேல் போகலாம். மூன்றில் இரண்டு பங்கு மின்சாரத்தை வழியிலேயே இழக்கும் முறையை எதிர்காலம் என்று சொல்லி, கையில் இருப்பதை வேண்டாம் என்பது, அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான்.

அதுவும் தண்ணீரிலிருந்து எடுத்த பசுமை ஹைட்ரஜனுக்கான கணக்கு. இன்று நம் நாட்டில் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலைகளும் பயன்படுத்தும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அப்படி ஒரு கிலோ எடுக்க ஒன்பது, பத்து கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. "புகையே இல்லை, தண்ணீர்தான் வரும்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் அந்த ஆலைகளின் புகைபோக்கிகளைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இந்தச் சோதனையை உலகம் நமக்காக ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. டொயோட்டா மிராய் என்ற ஹைட்ரஜன் கார் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 2014 டிசம்பரில். கலிஃபோர்னியாவில் அரசு மானியத்தோடு ஹைட்ரஜன் நிரப்பு நிலையங்கள் கட்டினார்கள். 2023-இல் அங்கே பல நிலையங்களில் ஒரு கிலோ 36 டாலர் வரை போனது. தொட்டியை நிரப்பினால் 200 டாலர். குளிர்ந்த வாயு பாய்வதால் நிரப்பும் குழாயின் முனை காரோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும், அது விடுபடும்வரை ஓட்டுநர் பக்கத்தில் நின்று காத்திருக்க வேண்டும். சில கார்கள் தொடர்ந்து நிரப்பிவிட்டால் அடுத்தவர் அழுத்தம் மறுபடி ஏறும்வரை நிற்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம் என்று நம்மவர்கள் சொல்லும்போது இந்தக் காத்திருப்பைச் சொல்வதில்லை. 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் அங்கிருந்த தன் கார் நிரப்பு நிலையங்களை மூடியது. ஹோண்டாவின் ஹைட்ரஜன் காரான கிளாரிட்டியின் தயாரிப்பு 2021-லேயே நின்றது. 2025 ஜூலையில் ஸ்டெல்லாண்டிஸ் என்ற கார் நிறுவனம் தன் ஹைட்ரஜன் வாகனத் திட்டத்தையே கைவிட்டது.

"நம்ம நாட்டுல அரசாங்கமே இறங்கிடுச்சே" என்பார்கள். 2022 மார்ச்சில் அமைச்சர் நிதின் கட்கரி மிராய் காரில் நாடாளுமன்றத்துக்கு வந்த படத்தைத்தான் இன்னும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒதுக்கிய 19,744 கோடி ரூபாயில் 17,490 கோடி, ஹைட்ரஜன் உற்பத்திக்கும் தண்ணீரைப் பிரிக்கும் எலக்ட்ரோலைசர் கருவிகளின் தயாரிப்புக்குமான ஊக்கத்தொகை. போக்குவரத்துக்காக 2025 மார்ச்சில் அறிவித்த முன்னோடித் திட்டங்களில் மொத்தம் 37 வாகனங்கள், 9 நிரப்பு நிலையங்கள். அந்த 37 வாகனங்களும் பேருந்துகளும் லாரிகளும்தான். கார் ஒன்றுகூட இல்லை. வழித்தடங்களில் தமிழ்நாடும் இல்லை. உரத்துக்கும் எஃகுக்கும் கப்பலுக்கும் பசுமை ஹைட்ரஜன் அவசியம் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, பெரம்பூர் ஐசிஎஃப்பில் ஹைட்ரஜன் ரயில் பெட்டி உருவானதில் மகிழ்ச்சியும் உண்டு. ஆனால் ரயிலுக்கு வந்ததால் என் காருக்கும் வந்துவிடும் என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்?

பேட்டரி தீப்பிடிக்கும் என்ற சங்கக் குழுவின் பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. 2022-இல் வேலூரில் மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்ததை எப்படி மறக்க முடியும்? அந்த ஆண்டின் விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 விதிகளைக் கடுமையாக்கினார்கள். ஆனால் முறையான பிளக் பாயின்ட்டைத் தடுத்தால் ஆபத்து கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. எங்கள் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் இளைஞர், ஸ்கூட்டர் பேட்டரியை இரவில் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், கட்டில் பக்கத்தில், தொலைக்காட்சியும் மிக்ஸியும் ஓடும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுகிறார். கீழே அனுமதி கிடைத்திருந்தால் அவர் ஏன் அதைப் படுக்கையறையில் வைக்கப் போகிறார்? மேலும், பேட்டரிக்குப் பயப்படும் இதே குழு 700 பார் அழுத்தத்தில் வாயு நிரம்பிய தொட்டிகளை அதே மூடிய பார்க்கிங்கில் வரவேற்கத் தயாராக இருக்கிறது. 2019 ஜூனில் நார்வேயில் சான்ட்விகா நிரப்பு நிலையம் வெடித்ததைப் பற்றி இவர்கள் கேள்விப்பட்டதே இல்லை போலும்.

பாதுகாப்பில் குறை இருந்தால் சொல்லுங்கள், அவர்கள் விரும்பும் எலக்ட்ரீஷியனையே வைத்துச் சரிசெய்கிறேன். கட்டடத்தின் மின்சுமை போதாது என்றால் கணக்கைக் காட்டுங்கள், கூடுதல் சுமைக்கு நானே விண்ணப்பிக்கிறேன். அடுத்த பொதுக்குழுவுக்கு முன் சங்கத்தின் லெட்டர்பேடில், செயலாளர் கையெழுத்தோடு, மறுப்புக்கான காரணம் எனக்கு எழுத்தில் வேண்டும். அந்தக் கடிதத்தில் ஹைட்ரஜன் என்ற சொல் இருந்தால், எந்த ஆண்டு, எங்கள் ஊரில் எந்த நிரப்பு நிலையத்தில், கிலோ என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே எழுதட்டும்.