700சி, 29 இன்ச்: ரிம் ஒன்றுதான்

தார்ச்சாலை, மண் பாதை இரண்டிலும் சைக்கிள் ஓட்ட 700சி என்ற அளவுச் சக்கரம் சரிவராது, அதைவிடப் பெரிய 29 இன்ச் ரிம்தான் வேண்டும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதை வழிமொழிந்திருப்பதால் ஒரு சின்னத் திருத்தம். இரண்டிலும் டயர் உட்காரும் ரிம் விட்டம் ஒன்றேதான்: 622 மி.மீ.

நம்ப வேண்டாம், டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். 40-622 என்பதுபோல அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம் விட்டம். 29 இன்ச் டயரிலும் அதே 622தான். அப்புறம் ஏன் வேறு பெயர்? 57 மி.மீ. டயர் மாட்டினால் மேலும் கீழும் சேர்த்து 622 + 114 = 736 மி.மீ., கிட்டத்தட்ட 29 இன்ச். அதே ரிம்மில் 28 மி.மீ. டயர் என்றால் 678தான். (பெயர் வைத்தவர்கள் நம்மைக் குழப்பியே தீருவது என்று இருந்திருப்பார்கள் போல.) 27.5 இன்ச் என்பது நிஜமாகவே வேறு, அதன் ரிம் விட்டம் 584 மி.மீ.

அதனால் வாங்கும்போது ஃபிரேமிலும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலும் எவ்வளவு அகலமான டயர் உரசாமல் சுற்றும் என்று கேளுங்கள். ரிம்மின் உள் அகலமும் அதற்கு ஒத்துவர வேண்டும்.